கமரா பூட்டுகிறவன் சொல்கிறேன்

கமரா பூட்டுவது என் தொழில். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியின் இரண்டு பக்கமும் துணிக்கடை, பாமசி, பேக்கரி, நகைக்கடை, டியூஷன் வகுப்பு என்று நான் ஏணி வைத்து ஏறாத கட்டடம் குறைவு. ஏணியில் நிற்கிறவனைக் கடையில் வேலை செய்கிறவர்கள் ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அவர்கள் தங்களுக்குள் கதைப்பது எல்லாம் என் காதில் விழும். முதலாளி லுஹருக்குப் பள்ளிக்குப் போய்விட்டால் என்னிடமே நேராகக் கேட்பார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நானா, இதுல சத்தமும் வருமா?"

படம் விழுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு விட்டார்கள். பயமெல்லாம் சத்தத்துக்குத்தான். சம்பளம் பிந்துவதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு, வீட்டில் நடந்த சண்டை, பெண் பார்க்க வந்த கதை, முதலாளி மகனின் நடையைப் பற்றி ஒரு பகிடி, இதெல்லாம் எட்டு மணித்தியாலம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களை நிற்க வைக்கிற சங்கதிகள். அதையும் ஒருவர் காதில் மாட்டிக் கேட்கிறார் என்றால் வாய் கட்டிப்போகும்.

பதில்: வரலாம். இப்போது வருகிற கமராக்களில் நிறைய மைக்குடனே வருகின்றன. கண்ணாடிக்குக் கீழே ஊசி குத்தினது போல ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதுதான். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பதிவுப் பெட்டியான டி.வி.ஆரின் மெனுவில் ஒரு சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் சத்தம் பதிவாகாது. நான் பூட்டி முடித்ததும் முதலாளியிடம் கேட்பேன், "ஹாஜியார், சத்தம் என்னத்துக்கு?" முக்கால்வாசிப் பேரிடம் இதற்குப் பதில் இருக்காது. கள்ளனைப் பிடிக்கப் படம் போதும். சத்தம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர் கள்ளனைத் தேடவில்லை என்பது என் அனுபவம்.

தொழிலாளிகள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை: பதிவு யாருடைய கையில் இருக்கிறது? கமரா சுவரில் இருந்தாலும் பார்க்கிற கண் போனில் இருக்கிறது. நாலு கமரா, ஒரு டெராபைட் ஹார்ட்டிஸ்க் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் பதிவு நிற்கும். அதற்குப் பிறகு பழையதன் மேலே புதியது எழுதப்பட்டுவிடும். அதுவரை அந்தப் பதிவு முதலாளியின் போனில் ஓடும், மகனின் போனில் ஓடும், மனேஜரின் போனில் ஓடும், கட்டாரில் இருக்கிற மச்சானின் போனிலும் ஓடும். தோஹாவில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு கல்முனைக் கடையைப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பது இங்கே புடவை மடிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் "வேணாம் தம்பி, எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கட்டும்" என்பார்கள். வேலையை விட்டுப்போன மனேஜரின் போனில் ஒரு வருடம் கழித்தும் கடை ஓடிக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடைகளில் பின்பக்கம் ஓர் அறை இருக்கும். சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் பெண்பிள்ளைகள் சாப்பிடுவது அங்கேதான், தொழுவதும் அங்கேதான். வெக்கைக்கு ஹிஜாபை அவிழ்த்து முடியை உலர்த்துவதும் அங்கேதான். ஒரு முதலாளி என்னிடம் சொன்னார்: "அவடத்தையும் ஒண்டு போடு தம்பி, சாப்பிடப் போனா வாறாளுகள் இல்ல." நான் மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம். வாசலுக்கு நேரே ஒன்று போட்டால் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று தெரியும், அறைக்குள் கண் போகத் தேவையில்லை என்று விளங்கப்படுத்தினேன். கதவு திறந்தால் உள்ளே தெரிகிற மூலையை டி.வி.ஆரில் கறுப்புப் பெட்டி போட்டு மறைத்தேன். பிரைவசி மாஸ்க் என்ற வசதி அநேகமாக எல்லா இயந்திரத்திலும் இருக்கிறது. இலவசம். இரண்டு நிமிட வேலை. பூட்டுகிறவர்கள் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதில்லை.

முதலாளிமாரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், 26ஆம் திகதி எங்கள் சாய்ந்தமருதில் நடந்த மோதல், இவற்றுக்குப் பிறகு கமரா இல்லாத கடை சந்தேகக் கடை என்ற நிலை வந்தது. கிரிஉல்லையில் ஒரு துணிக்கடையில் தாக்குதல்காரரோடு தொடர்புள்ள பெண்கள் வெள்ளை உடுப்பு வாங்கிய கமராப் பதிவு நாடு முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது. அதைப் பார்த்த ஒவ்வொரு துணிக்கடைக்காரரும் தன் கடையில் பதிவு இருந்தால் நாளைக்குத் தனக்கே பாதுகாப்பு என்று நினைத்தார். நினைத்தது நியாயம். எனக்கு வேலை கூடியதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் பாதுகாப்புக்கென்று பூட்டிய கமரா, யார் போன் பார்க்கிறாள், யார் கதிரையில் சாய்கிறாள் என்று பார்க்கிற கமராவாக மாற ஒரு மாதம் கூட எடுப்பதில்லை.

கேரளாவில் இது ஒரு போராட்டமாகவே வெடித்தது. அங்கே துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும். உட்கார்ந்தாலோ சுவரில் சாய்ந்தாலோ கமராவில் பார்த்துச் சம்பளத்தில் வெட்டினார்கள் என்று அவர்கள் முறையிட்டார்கள். கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, மலசலகூடம் கேட்டு, பிறகு உட்காரும் உரிமை கேட்டு வருடக்கணக்கில் போராடினார். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கொடுக்க வேண்டும் என்றது. 2021இல் தமிழ்நாடும் அதேபோல் திருத்தியது. கவனியுங்கள், அந்தச் சட்டங்கள் கமராவைக் கழற்றச் சொல்லவில்லை. கமராவைக் காட்டித் தண்டிக்கிற காரணத்தைக் கழற்றின. உட்காருவது குற்றமில்லை என்றான பிறகு உட்காருகிற படம் யாரை என்ன செய்யும்?

இப்போது புதிதாக வந்திருப்பது லைவ். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் நெருங்கினால் ஒவ்வொரு துணிக்கடையும் பேஸ்புக்கில் நேரலை போடும், டிக்டொக்கில் துண்டு துண்டாக வெட்டிப் போடும். புதுச் சரக்கைக் காட்ட வேலைக்கு நிற்கிற பிள்ளைகளையே முன்னால் நிறுத்துவார்கள். மொடல் பிடித்தால் காசு கொடுக்க வேண்டும், இவர்களுக்கு ஏற்கெனவே சம்பளம் கொடுத்தாயிற்று என்பது கணக்கு. என் தங்கச்சியின் மகள் அப்படி ஒரு கடையில்தான் நிற்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டாள்: "மாமா, லைவ்ல என்னையும் நிக்கட்டாம். ஏலாண்டு சொன்னா வேல போயிருமா?"

அவள் வெட்கப்படுகிறவள் அல்ல. ஒரு மணித்தியாலத்தில் பத்துக் குடும்பத்துக்குப் புடவை காட்டி விலை பேசி விற்கிறவள். அவளுக்குப் பிடிக்காதது வீடியோவுக்குக் கீழே வருகிற எழுத்துகள். புடவையைப் பற்றி ரெண்டு, அவளைப் பற்றிப் பத்து. அவற்றைப் போடுகிறவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். மறுநாள் அதே முகங்களுக்கு முன்னால்தான் பஸ்ஸில் ஏற வேண்டும்.

சுவர்க் கமராவின் பதிவு பன்னிரண்டு நாளில் தானாகச் செத்துப்போகும். பேஸ்புக்கில் போனது சாகாது. அவள் வேலையை விட்டாலும், கலியாணம் முடித்தாலும், முதலாளி கடையையே விற்றாலும் அந்த வீடியோ யாரோ ஒருவரின் போனில் இருக்கும். ஆகவே கள்ளனுக்காகப் பிடிக்கிற படத்தையும் விளம்பரத்துக்காகப் பிடிக்கிற படத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலாவதற்குப் பணியாளர் சம்மதிக்காவிட்டாலும் முதலாளிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாவதற்கு, அவள் 'சரி' என்று சொல்லாத வரைக்கும் எந்த நியாயமும் இல்லை என்பேன்.

சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று எங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டுகிற எந்தத் தகவலும் தனிப்பட்ட தரவு. முகம் தெரிகிற வீடியோவும் அதற்குள் வரும். எதற்காக எடுக்கிறோம் என்று முதலே தெளிவாகச் சொல்ல வேண்டும், அந்த நோக்கத்துக்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சம்மதத்தின் பேரில் எடுத்தால் அந்தச் சம்மதம் சுயமாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும், கொடுத்தவர் பிறகு அதைத் திரும்பப் பெறவும் முடியும். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், அழிக்கச் சொல்லவும் வழி இருக்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். கைவிரல் அடையாளம் போன்றவை விசேட வகைத் தரவு என்று தனியாக வைக்கப்பட்டு, கூடுதல் கட்டுப்பாடு போடப்பட்டிருக்கிறது.

ஆனால் பொறுங்கள். இந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வரும் என்று ஒரு வர்த்தமானி சொன்னது. அந்தத் திகதி வருவதற்குள் இன்னொரு வர்த்தமானி அதை நிறுத்திப்போட்டது. அதே வருடம் திருத்தமும் கொண்டுவந்தார்கள். எங்கள் நாட்டில் சட்டம் பிறப்பதற்கும் நடப்பதற்கும் இடையே இவ்வளவு தூரம். எனவே நாளைக்கே முதலாளியிடம் போய் 'ஒரு கோடி' என்று மிரட்டாதீர்கள். அந்தச் சட்டத்தை இப்போதைக்கு நியாயம் எது என்று காட்டுகிற ஆவணமாகக் கையில் வைத்துக்கொண்டு, நடைமுறையில் உள்ள மற்ற வழிகளால் போவதுதான் புத்தி.

அந்த வழிகள் யார் உங்கள் முதலாளி என்பதைப் பொறுத்தவை. அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, வைத்தியசாலைத் தாதி, பிரதேச செயலக எழுதுவினைஞர் என்றால் கல்முனையிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அதிலும் ஒரு குறை: எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. இந்தியாவிலும் எழுதப்படவில்லைதான், ஆனால் அங்கே 2017 ஓகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதியரசர்கள் அது அடிப்படை உரிமையே என்று தீர்த்துவிட்டார்கள்.

துணிக்கடைப் பிள்ளைக்கு இந்தக் கதவு எதுவும் திறக்காது. அவளுடைய முதலாளி அரசாங்கம் இல்லையே. அவளுக்குத் தொழில் திணைக்களமும் தொழில் நியாய சபையும்தான். லைவில் நிற்க மறுத்ததற்காக வேலையால் நிறுத்தினால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போடலாம். கைத்தொழில் பிணக்குச் சட்டம் அந்தச் சபையிடம் கேட்பது நியாயமும் ஒப்புரவும் ஆன கட்டளை. கமரா என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லாவிட்டாலும், விற்பனைக்கு வைத்த ஆளை விளம்பரத்துக்கு நிற்கவில்லை என்று விரட்டியது நியாயமா என்று அங்கே கேட்கலாம். இங்கேதான் நியமனக் கடிதம் கைகொடுக்கும். அதில் 'விற்பனை உதவியாளர்' என்று இருந்தால் அவள் பக்கம் ஒரு கல் கூடுகிறது. எங்கள் பகுதியில் நியமனக் கடிதம் கண்ட கடைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு கதை. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்கிறது. வாப்பாவின் கூட்டாளியின் கடை என்பதால் யாரும் கேட்பதில்லை.

பின்னறையில் ஒளித்து வைத்துப் பிடிப்பது, பிடித்ததை வைத்து ஒரு பெண்ணை மிரட்டுவது எல்லாம் வேறு வகை. அது தொழில் பிணக்கு இல்லை, பொலிஸுக்குப் போகிற விஷயம். வேலையிடத்தில் அதிகாரத்தில் இருக்கிறவர் செய்கிற பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவுக்குள் வரும். அந்தரங்கப் படத்தை இணையத்தில் போட்டுத் தொந்தரவு செய்தால் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அரசியல் பேசுகிறவர்களின் வாயை மூடவும் அது பாவிக்கப்படலாம். இருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்கு அது உதவும்.

ஒளித்து வைப்பதைப் பற்றி ஸ்பெயினில் நடந்த ஒரு வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2009இல் பார்சலோனாவுக்குப் பக்கத்தில் ஒரு சுப்பர்மார்க்கட். மாதா மாதம் ஆயிரக்கணக்கான யூரோ சரக்குக் குறைந்தது, ஒரு மாதம் 24,000 யூரோவுக்கும் மேலே. முகாமையாளர் வாசலில் தெரிகிற மாதிரிச் சில கமராக்களைப் பூட்டி அதை ஊழியர்களுக்குச் சொன்னார். காசு வாங்கும் மேசைகளுக்கு மேலே ஒளித்து வைத்ததைச் சொல்லவில்லை. பத்து நாளில் கள்ளத்தனம் பிடிபட்டது, 14 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2018இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு. 2019 ஒக்டோபர் 17இல் அதே நீதிமன்றத்தின் பெரிய ஆயம் அதை மாற்றி, உரிமை மீறப்படவில்லை என்று 14க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. நல்ல சந்தேகம் இருந்தது, பத்து நாள்தான், வாடிக்கையாளர் வந்து போகிற இடம்தான், பதிவைப் பார்த்தவர்கள் சிலர்தான் என்பது காரணம். மலசலகூடம், உடை மாற்றும் அறை என்றால் கதையே வேறு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. முதலாளிமார் இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குச் சாதகம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் வாசிக்கிறபோது எனக்குப் பட்டது, கல்முனையில் நான் பூட்டிய பல கடைகள் அந்தப் பரீட்சையில் பெயிலாகும் என்பதுதான். காரணம் சொல்லப்படுவதில்லை, கால எல்லை இல்லை, பார்க்கிறவர்கள் குடும்பம் முழுக்க.

டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்கள் பார்க்க வேண்டியது மொண்டினீக்ரோ நாட்டு வழக்கு. பல்கலைக்கழகத்தின் கணிதப் பிரிவில் விரிவுரை மண்டபங்களில் 2011இல் கமரா பூட்டினார்கள். இரண்டு பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். வகுப்பறை பொது இடம், அங்கே என்ன அந்தரங்கம் என்றது நிர்வாகம். 2017 நவம்பர் 28இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம், படிப்பிக்கிற இடத்திலும் ஓர் ஆசிரியருக்குத் தனி வாழ்க்கை உண்டு என்றது. நாலுக்கு மூன்று, மயிரிழைதான். ஆளுக்கு ஆயிரம் யூரோ கொடுக்கச் சொன்னது.

எங்கள் நாட்டில் வேலையிடக் கண்காணிப்புத் தொடர்பாகப் பெரிய சத்தம் எழுந்தது கமராவால் அல்ல, கைவிரலால். 2025 ஓகஸ்ட் 17 தொடங்கிய தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தில் 19 கோரிக்கைகள் இருந்தன. சனங்கள் பேசிக்கொண்டது கைவிரல் அடையாள வரவுப்பதிவைப் பற்றித்தான். அமைச்சு அந்த விஷயத்தில் இறங்கி வரவில்லை, ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. 'வேலைக்கு நேரத்துக்கு வராதவர்கள்தான் மெஷினுக்குப் பயப்படுவார்கள்' என்று கடைத்தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட, அந்த விரல் அடையாளம் எங்கே சேமிக்கப்படுகிறது, ஓய்வு பெற்றால் அழிக்கப்படுமா என்று கேட்கவில்லை. நேரத்துக்கு வருகிறவருக்கும் அந்தக் கேள்வி உண்டு.

மருமகளுக்கு நான் சொன்னது சட்டம் அல்ல. முதலாளியிடம் தனியாக, கோபமில்லாமல், மற்றவர்களுக்கு முன்னால் வைத்துக் கேட்காமல் போய், "நான் விற்கிறேன், லைவில் நிற்கமாட்டேன், புடவை பிடிக்கிற கையை எடுங்க, முகத்தை எடுக்காதீங்க" என்று சொல்லச் சொன்னேன். சொன்னதை அன்றைக்கே வட்ஸ்அப்பில் பணிவாக ஒரு வரி அனுப்பி வைக்கச் சொன்னேன், நாளைக்குக் கதை மாறினால் திகதியோடு இருக்கும். முதலாளி கொஞ்சம் முகம் சுளித்தார். பிறகு அந்தப் பெருநாளுக்குக் கையும் புடவையும்தான் லைவில் வந்தன. வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லாக் கடையிலும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக, பதிவைக் காட்டி உங்கள் மேல் குற்றம் சொன்னால் உடனே செய்ய வேண்டியது ஒன்று. அந்தப் பதிவின் பிரதியை எழுத்தில் கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள். பன்னிரண்டாம் நாள் கேட்டால் இயந்திரத்திலேயே இருக்காது. பத்து நிமிடத் துண்டைக் காட்டினால் அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தையும் கேளுங்கள். மூலையில் ஓடுகிற நேரத்தைப் பாருங்கள். சீனாவிலிருந்து வருகிற இயந்திரங்கள் பலவற்றில் நேரம் அந்த நாட்டுக்கே வைக்கப்பட்டிருக்கும், பூட்டுகிறவன் மாற்ற மறந்தால் எங்கள் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி ஓடும். காலை எட்டரைக்குக் கடை திறந்த பிள்ளை பதினொரு மணிக்கு வந்ததாகக் காட்டும். அப்படி ஒரு பிள்ளைக்கு அரைநாள் சம்பளம் வெட்டியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு. இயந்திரத்தின் நேரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெட்டிய சம்பளம் அந்த மாதமே திரும்பி வந்தது.